பேர் வெட்டு

தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆள், வீட்டுக் கணக்குக்காக இன்றும் ஓடுகிற புரோகிராமைப் பதினொரு வருடங்களுக்கு முன்னால் நானும் அபிஷாவும் எழுதினோம். இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது, என் அம்மா கூலி வேலை பார்த்த தோட்டம். ஆபீசின் பின்னறையில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருப்போம். ரப்பர் ஷீட் காயும் புகை வாடை ஜன்னல் வழியே வரும். கரண்ட் போனால் அபிஷா பாடுவாள், சகிக்காது. அதற்கப்புறம் எத்தனையோ ஏசி அறைகளில் வேலை பார்த்துவிட்டேன். அந்த அரை நாற்காலிச் சுகம் எங்கேயும் வாய்க்கவில்லை.

அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து டீச்சரின் மகள். அப்போதே என்னைத் திட்டினாள்.

"ஏன் ஜொய்சி, ஆள், வீடு, மருந்துக் கார்ட் எல்லாத்தையும் ஒண்டோட ஒண்டு பிணைச்சு வைக்கிறாய்? புரோகிராமில ஒவ்வொண்டும் தனித்தனிப் பகுதி, தனித்தனிக் கிளாஸ். ஆளின்ர கிளாஸ் வீட்டுக் கிளாசுக்குள்ள கை போடக் கூடாது."

"எங்க தோட்டத்துல எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. பேர வெட்டுனா எல்லாமே போயிரும். ஒனக்கு என்னா தெரியும்?" என்றேன்.

எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். செக்ரோல் என்கிற வேலையாட்கள் பதிவில் பேரை வெட்டினால், தோட்டம் கொடுத்த லயத்து வீடான காம்பராவும் போகும். அதை அப்படியே எழுதி வைத்துவிட்டு, பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

இந்த மாதம் என் அம்மா மரியாயி ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்றவர்கள் காம்பராவிலேயே இருக்கலாம் என்று தோட்டம் ஒப்புக்கொண்டு இரண்டு வருடமாகிறது. என் புரோகிராம்தான் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை கிளார்க் அம்மாவின் பேரை எடுத்ததும் ஏழாம் காம்பரா 'காலி' என்று வந்தது. திங்கட்கிழமை அதை வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப் பட்டியலும் தயாராகிவிட்டது.

சேதி கேட்டு ஊருக்கு வந்து, சனிக்கிழமை அந்தப் பின்னறையில் தனியாக உட்கார்ந்து, கனடாவில் இருக்கும் அபிஷாவைப் போனில் பிடித்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன். "இப்பவாவது கேட்டியே" என்று சிரித்தாள். இருவருமாக வீட்டுக் கிளாசை ஆளிடமிருந்து பிரித்தோம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது இனி வீட்டின் பொறுப்பு, யார் வேலைக்கு வருகிறார்கள் என்பது செக்ரோலின் பாடு. ஒன்று மற்றதிடம் கேட்கலாம், உள்ளே புகுந்து அழிக்க முடியாது. அம்மாவின் பேரை மறுபடி சேர்த்து, மறுபடி வெட்டிப் பார்த்தேன். ஏழாம் காம்பரா: மரியாயி. அப்படியே நின்றது.

லயத்துக்கு ஓடினேன். அம்மா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"என்னாம்மா இது?"

"பேரு வெட்டியாச்சுல்ல. அவங்க வந்து சொல்ற வரைக்கும் இருந்தா நல்லாவா இருக்கும்?"

"காம்பரா ஒங்க பேர்லதாம்மா இருக்கு. எங்கயும் போக வேணாம்."

அம்மா நம்பாமல் என்னையே பார்த்தாள்.

"வேலைக்குப் போகாதவளுக்குமா வீடு குடுப்பாங்க?"

நான் எழுதி வைத்திருந்த அதே விதியை அம்மாவின் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.