பின்வரிசையில் நின்றவன்

போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. யாருக்கு முடிந்தது என்பதை அது சொல்லவில்லை. அது சொல்லி ஒன்பது மாதங்கள் கழிந்தபின், ஒரு மாசி மாதக் காலையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள இறப்பர்த் தோட்டத்தின் மேற்பிரிவில், முள்வேலி முகாமிலிருந்து விடுவிக்கப்பட்ட பதினொரு குடும்பங்கள் ஒரு லொறியில் வந்து இறங்கின. அத்தனை பேரும் இதே தோட்டத்து ஆட்கள்தாம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எரிந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே வன்னிக்கு ஓடியவர்கள். ஓடிய இடத்திற் காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்கள். அந்தக் கழனியையும் குண்டுக்குக் கொடுத்துவிட்டு, ஓடத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தவர்கள். எத்தனையோ மலைகளுக்கு ஒழுங்கான பாதை போடத் தெரியாத நாடு, இவர்கள் சுற்றிச் சுற்றி ஓடுவதற்கு மாத்திரம் ஒரு வட்டப் பாதையைச் செவ்வையாகப் போட்டு வைத்திருந்தது.

அவர்களை ஏற்று இடங்கொடுக்கும் பொறுப்பு ஹில்டாவின் தலையில் விழுந்தது. ஹில்டா பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். தாய்மார் மலையில் வேலை செய்யும் நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளைத் தொட்டிலிலிட்டு ஆட்டுவது அவள் தொழில். எழுதப் படிக்கத் தெரிந்தவள், சிங்களத்தையும் தங்குதடையின்றிப் பேசக்கூடியவள் என்பதால், கேகாலையில் அலுவலகம் வைத்திருந்த நிவாரண நிறுவனம் அவளையே தோட்டத்து ஒருங்கிணைப்பாளராக நியமித்தது. இறப்பர்த் தாள் உலர்த்திய, இப்போது பாவிக்காமல் விட்ட பழைய புகைக் காம்பராவைத் தோட்டத் துரையிடம் கேட்டுத் திறப்பித்தவள் அவளே. சுண்ணாம்பு அடிப்பித்து, மலையிலிருந்து பீலி வழியே வரும் தண்ணீருக்குக் குழாய் பொருத்தி, பாயில்லாதவர் யார், மருந்தில்லாதவர் யார் என்று மூன்று நாள் கண்ணயராமல் ஓடித் திரிந்தாள். நான்காம் நாள் பொருட்கள் வந்தன.

பொருட்களோடு வந்தவன் நிறுவனத்தின் அலுவலர் உதயராஜ். பலாங்கொடைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்த, முப்பது வயதைத் தொடாத பிள்ளை. முகாமிலிருந்து அனுப்பப்பட்ட பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கச் சொன்னான். யார் செய்த யோசனையோ, அது நல்ல யோசனையன்று.

பெரட்டு என்பது தோட்டத்தில் அன்றாடம் விடியற்காலையில் நடப்பது. தொழிலாளர் வரிசையில் நிற்பர்; கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டபோது குரல் வராவிட்டால் அன்றைக்குக் கூலிக் கணக்கில் பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் அந்த நாளே இல்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள், காய்ச்சற்காரப் புருசனுக்குக் கஞ்சி வடிப்பவள் எல்லாரும் குறித்த நேரத்துக்கு ஓடிவர முடியுமா? ஆகவே பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பாள்: "பின்னால நிக்கிறாங்க!" கணக்கப்பிள்ளை தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்துவிடுவாள். இதைப் பொய் என்று அந்த மலையில் எவரும் எண்ணியதில்லை. பிள்ளைக் காம்பராவுக்கு வருமுன் ஹில்டாவும் பதினான்கு ஆண்டுகள் அந்த வரிசையில் நின்றவள்தான்.

அன்றைக்குப் பனி அடர்த்தியாக இருந்தது. இலையுதிர்க்கும் பருவம், செம்பு நிறமாய்ப் பழுத்த இறப்பர் இலைகள் காற்றில்லாமலே ஒவ்வொன்றாய்க் கழன்று, வழி தெரியாதவை போலப் பனிக்குள் மிதந்து இறங்கின. பெயர்களும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தன. யாருடையதோ ஒரு குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு வரிசையின் ஓரத்தில் நின்ற ஹில்டாவுக்குக் கண் செருகியது.

"வெள்ளையம்மா."

"இருக்கேங்க."

"மகன், கஜேந்திரன். வயசு இருபத்திரண்டு."

குரல் வரவில்லை. ஒரு சோதனைச் சாவடியில், ஆண்களைத் தனியே பிரித்து நிறுத்திய வரிசையில், வெள்ளையம்மா தன் மகனைக் கடைசியாகக் கண்டாள். முகாமில் குடும்ப அட்டை எழுதியபோது, அவன் பெயரை விட்டுவிட வாய் வராமல் அவனையும் சேர்த்துச் சொன்னாள். பக்கத்து மேசையில் 'காணவில்லை' என்ற படிவத்தையும் கொடுத்தாள். அந்த இரண்டு மேசைகளும் தம்முட் பேசிக்கொள்ளவில்லை.

"கஜேந்திரன்?"

பெரட்டில் இரண்டாம் முறை கூப்பிட்டபின் வருகிற மௌனம் பொல்லாதது. அது முடிவதற்குள் யாராவது வாய் திறக்காவிட்டால் பேனை கோடு கிழித்துவிடும். அரைத்தூக்கத்தில் நின்ற ஹில்டாவின் வாயிலிருந்து, அவளைக் கேளாமலே, பதினான்கு ஆண்டுக் குரல் புறப்பட்டது.

"பின்னால நிக்கிறாருங்க!"

உதயராஜ் தலை நிமிரவில்லை. பெயருக்கு நேரே சரி போட்டான். வெள்ளையம்மா மாத்திரம் திரும்பிப் பார்த்தாள். வேகமாக அல்ல, தண்ணீருக்குள் திரும்புகிறவளைப் போல, மெதுவாக. பின்னால் பனி இருந்தது. பனிக்குள் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன.

அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாகக் கிடைத்தன. இரண்டு பாய், இரண்டு நுளம்பு வலை, இரண்டு வாளி. அவற்றோடு ஆண்களுக்கான ஒரு சோடிச் செருப்பும் இருந்தது.

"என்னாக்கா, ரெண்டு சாமானா? எங்களுக்கும் ரெண்டு கேட்டுக் குடுங்க" என்றாள் பக்கத்து லயத்துச் சீதாலட்சுமி.

"ஓம், ஓம். கேக்கிறன்" என்றாள் வெள்ளையம்மா, ஆமாம் என்பதற்கு வன்னியில் சொல்வதுபோல.

"எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்ங்கிறீங்க. எங்க கோயில் பூசாரி தோத்தாரு போங்க!"

"முப்பத்திமூணு வருசம் அங்க குடிச்ச தண்ணிடி. ஒனக்கு மட்டும் என்னவாம்? மூச்சுக்கு மூச்சு 'அனே, அனே'ன்னு சிங்களமாக் கொட்டுது."

எல்லாரும் சிரித்தார்கள். தப்பைத் திருத்திவிடலாம் என்று அருகே வந்த ஹில்டா, வெள்ளையம்மா அந்தச் செருப்பைச் சாணால் அளந்துகொண்டிருப்பதைக் கண்டாள். பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை ஒரு சாண். அதற்குமேல் மூன்று விரற்கடை. அளந்து முடித்து, அளவு சரிதான் என்பதுபோல வெள்ளையம்மா தலையாட்டினாள். ஹில்டா வாயை மூடிக்கொண்டாள். ஒரு பாய்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

அதன்பின் வந்த ஐந்து வாரங்களும் ஹில்டாவின் நினைவில் நாட்களாக இல்லை. ஒரே நீண்ட காலைப்பொழுதாகவே இருக்கின்றன. புகைக் காம்பராவின் உயரத்துச் சாளரங்களிலிருந்து வெளிச்சம் சாய்ந்து இறங்கும். அந்த வெளிச்சத்தில் இரண்டு பாய்கள் அருகருகே விரித்திருக்கும். வாசலில் அந்தச் செருப்பு வெளிப்பக்கம் பார்த்து வைத்திருக்கும். காலையிற் பார்த்தால் யாரோ புல்லில் நடந்து வந்ததுபோல அதில் ஈரம் படிந்திருக்கும். பனி என்று ஹில்டாவின் அறிவு சொல்லும். அறிவு சொல்வதைக் கேட்க அந்த நாட்களில் எவருக்கும் மனம் இருக்கவில்லை. காவற்காரர் பியசேன பீலியடியில் "புத்தாவ தெக்கா" என்றார். மகனைக் கண்டேன் என்று. நல்ல உயரம் என்றுகூடச் சொன்னார். மலைக்குப் போகிற பெண்கள், மேலேயிருந்து யாரோ இருமியதைக் கேட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் ஹில்டாவே கண்டாள். மரங்களுக்கிடையில் ஒரு வெள்ளைச் சட்டை, வளைவில் நின்று, வளைவோடு மறைந்தது. அவள் தொட்டிற் கயிற்றை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மரங்களில் இறப்பர்ப் பால் வடிந்த சிரட்டைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான்.

பங்குனியின் நடுவில் உதயராஜ் வந்தான். கையில் ஒரு தொதல் இனிப்புப் பொட்டலம்.

"ஹில்டா அக்கா, நம்ம வெள்ளையம்மாட மகன் கிடைச்சிட்டாராமே! நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே. எங்க தேடற் பிரிவில பெயரெல்லாம் ஒப்பிட்டுப் பாத்தாங்க. இவர் பொருள் வாங்கினவர் பட்டியல்ல இருக்காரு. தாயோட சேந்துட்டார்னு கோப்ப மூடுறாங்க. இந்த வருசம் எங்க பிரிவுக்கு இதுதான் முதல் நல்ல செய்தி."

ஹில்டா ஆட்டிக்கொண்டிருந்த தொட்டிலை நிறுத்தினாள். தடுத்து வைக்கப்பட்டிருப்போரை நிறுவனத்தார் பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் பெயர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகிறது என்றும், மூடிய கோப்பிலுள்ள பெயர் அதில் இராது என்றும் அவன் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனான்.

"தம்பி, அவரு வரல."

"என்னக்கா?"

"அன்னைக்குப் பெரட்டுல கொரல் குடுத்தது நான். அவரு வரவே இல்ல."

உதயராஜ் தொதலைத் தொட்டில்களுக்கு நடுவே வைத்துவிட்டு நின்றான். கோபப்பட அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில், "தாய் அலுவலகத்துக்கு வரணும். மகன் என்கூட இல்லைன்னு அவங்க வாயால சொல்லிக் கைநாட்டு வைக்கணும். வெள்ளிக்கு முன்னுக்கு" என்றான்.

அன்று பின்னேரம் ஹில்டா புகைக் காம்பராவுக்குப் போனாள். வெள்ளையம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஹில்டா எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளையம்மாவின் விரல்கள் நிற்கவில்லை.

"நீதானே புள்ள சொன்ன, பின்னால நிக்கிறான்னு?"

"தூக்கக் கலக்கத்துல வாய் தவறிடுச்சுக்கா. தப்பு என்னுதுதான்."

"தப்பில்ல. நான் திரும்பிப் பாத்தேன்ல? இருந்தான்."

ஹில்டா வாசலில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"கண்ண மூடித் தொறக்கிற நேரம். தல சீவாம நின்னான். ஒரு வருசமா எனக்குக் கெடச்சது அவ்வளவுதான். அதையும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்றியா?"

கீரைக் காம்புகள் ஒரு பக்கம் குவிந்தன. மலைக்கு மேலே வெளிச்சம் மஞ்சளாகி, தேனைப்போலத் தடித்து, அசையாமல் நின்றது. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஹில்டாவுக்கே தோன்றியது. செருப்பு வாசலில் இருக்கும். வெள்ளைச் சட்டை அவ்வப்போது தெரியும். தோட்டம் முழுவதும் அவனைக் கண்டுகொண்டே இருக்கும். கிழவி சாகும்வரை அவன் பின்வரிசையில் நின்றுகொண்டே இருப்பான். அவன் உண்மையில் எங்கேயாவது ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அங்கே போய் அவன் பெயரைக் கூப்பிட ஒருவரும் இரார்.

"அக்கா, இருக்கிறவர யாரும் தேட மாட்டாங்க" என்றாள்.

வெள்ளையம்மாவின் விரல்கள் அப்போதுதான் நின்றன. உருவிய கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "கேகாலைக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?"

அலுவலகத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. சுவரில், 'பயனாளிகள் அமைதி காக்கவும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டையும் பிள்ளையையும் இழந்தவர் எதிலே பயன் கண்டார் என்பதை, அந்தச் சொல்லைக் கண்டெடுத்தவர்தாம் விளக்கவேண்டும். உதயராஜ் முதலில் ஹில்டாவின் வாக்குமூலத்தை எழுதினான். இனிமேல் ஒருங்கிணைப்பாளர் வேலை அவளுக்கு இல்லை என்று சொன்னபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. அவர் இல்லாததால, அவர் பேர்ல குடுத்த பொருளத் திருப்பித் தரணும். பாய், வலை, வாளி, செருப்பு."

"தர மாட்டேன்" என்றாள் வெள்ளையம்மா.

"அம்மா, சட்டம் அப்படி..."

"நாளைக்கு அவன் வந்தா என்னத்துல படுப்பான்? ஒன் சட்டத்துலயா?"

பக்கத்து மேசைக்காரி சிரிப்பை அடக்கக் கோப்பைக் கொண்டு முகத்தை மறைத்தாள். உதயராஜுக்குக் காது சிவந்தது.

"எழுதிக்குங்க தம்பி" என்றாள் ஹில்டா. "கொரல் குடுத்தவ நான். பாயும் வலையும் வாளியும் எங்க வூட்டுல இருந்து திங்கக்கெழம வந்து சேரும். செருப்புக்கு எங்க வூட்டுக்காரர் பாக்கியநாதனோட புதுச் செருப்பத் தரேன். அந்த மனுசன் ஒரு வாரம் வெறுங்காலோட நடக்கட்டும். யாருக்காகன்னு சொன்னா கோவிக்க மாட்டாரு."

அவன் எழுதிக்கொண்டான். பிறகு படிவத்தை வெள்ளையம்மாவின் பக்கம் திருப்பினான். மகன் தற்போது தாயுடன் இருக்கிறாரா: ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். "நீங்க சொல்லணும்மா. நான் சொல்லக் கூடாது."

அவள் அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே கேகாலைத் தெரு இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் மெல்ல மெல்லத் தூரத்துக்குப் போய், எங்கோ மழை பெய்கிற ஒலியாகத் தேய்ந்ததுபோல ஹில்டாவுக்குத் தோன்றியது. அந்த மழைக்கு அப்பாலிருந்து பேசுகிறவளைப் போல வெள்ளையம்மா சொன்னாள்:

"என்கூட இல்ல."

பேனை 'இல்லை' என்ற கட்டத்தை நோக்கி இறங்கியது.

"பொறு தம்பி. இன்னும் முடியல. என்கூட இல்ல, ஆனா எங்கயோ இருக்கான். ரெண்டையும் எழுது."

"ரெண்டாவதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

"கட்டம் இல்லாட்டி ஓரத்துல எழுதுங்க!" ஹில்டாவின் குரல் அந்த அறையில் எவரும் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. "கடதாசிக்கு ஓரம்னு ஒண்ணு விட்டிருக்காங்கள்ல? அங்க எழுதுங்க!"

உதயராஜ் படிவத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தன் கையெழுத்தை இயன்றமட்டும் சிறிதாக்கி, ஓரத்தில் எழுதினான். 'மகன் வேறிடத்தில் இருக்கிறார் எனத் தாய் உறுதியாகக் கூறுகிறார். தேடுதல் தொடரவேண்டும்.'

வெள்ளையம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. விரலை மையில் தோய்க்குமுன் அந்த வரியின்மேல் அதை மெல்ல ஓட்டினாள்.

"என்னா எழுதியிருக்க, வாசி."

அவன் வாசித்தான்.

"இன்னொருக்கா வாசி தம்பி."

வெளியே பலர் காத்திருந்தார்கள். அவன் மறுபடியும், அவசரப்படாமல், முதற் சொல்லிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.