மேலே ஒரு கோடு

ஃப்ரீஸரின் அபாய மணி வீறிட்டு அலறியது. காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்த ஆராய்ச்சி மாணவி தோள் பையோடு அப்படியே ஓடினாள். கதவு விரல் அளவு திறந்திருந்தது. அவள் உறைய வைத்திருந்த மாதிரிகள் அத்தனையும் உருகிப் போயிருந்தன.

"யாரு கதவை ஒழுங்கா மூடாமப் போனது?" பேராசிரியர் நொண்டி நொண்டி வந்து எல்லோர் மேலும் பாய்ந்தார்.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான்: செல்லில் மரபணுக்களை அடக்கி ஆளும் புரதம் ஒன்று உண்டு. செல்லுக்குச் சூடு பட்டால் ஒரு குட்டிப் புரதம் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, 'போதும், நிறுத்து' என்கிறது. இது அவள் கட்சி. ஒட்டினால் எடை கூடும். சோதனைப் படத்தில் வழக்கமான கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு விழும். இரண்டு வருடமாக அந்த மேல் கோடு கண்ணாமூச்சி காட்டியது. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லேன்னா ஆராய்ச்சிக்கு வேற தலைப்பு," என்று நேற்றுதான் பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"டிஷ்ல உயிரோட செல் மிச்சம் இருக்குல்ல? அழுது வடியாம அதை எடு," என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"செல்லை ஐஸ்ல வச்சு மெதுவா உடைக்கவே நேரமாகுமே அக்கா."

"பச்சைக் குழந்தையா அது, பூப்போலத் தொட? கொதிக்கிற கரைசலை நேரா ஊத்துடி, உடனே உடையும்!"

ஒரு டிஷ்ஷுக்குச் சூடு காட்டினாள். ஒன்றை அப்படியே விட்டாள். இரண்டிலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் திரையில் படம் மெல்லத் தெளிந்தது. சூடு படாத செல்லில் ஒரே கோடு. சூடு பட்டதில் அதற்கு மேலே, கன்னங்கரேலென்று, இன்னொன்று!

"அக்கா! இத்தனை நாளா ஐஸ்ல வச்சுக் கொஞ்சிட்டிருந்தப்போ, ஒட்டினதைச் செல்லோட என்சைம்களே வெட்டி எறிஞ்சிருக்கு. இன்னிக்கு அதுங்களும் சேர்ந்து வெந்துபோச்சு!"

இரண்டு வருடத்துக் கவலை ஒரே மூச்சாக வெளியே வந்தது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"தலைப்பு இதேதான். எழுத ஆரம்பிம்மா."

"கதவைத் திறந்து வச்ச புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போடணும் சார்," என்று அக்கா சிரித்தாள்.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து முட்டிவலிக்கு அந்த ஃப்ரீஸர்ல ஐஸ் எடுத்தது நான்தாம்மா."