முதல் வரியின் மேல் உட்கார்ந்தவன்

கோமளவல்லி மேடம் ஏழாவது பால்சர்க்கரைக் கட்டியை என் வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

"இனிக்குதா?"

"இருங்க மேடம்" என்றேன்.

எங்கள் அலுவலகம் ஒரு குடல் பாக்டீரியாவுக்குள் இருக்கிறது. எல்லாப் பொருள்களின் செய்முறையும் தாழ்வாரத் தரையில் எழுதியிருக்கும். மேடம் நடந்தபடியே வாசிப்பார். பட்டறையில் அதைச் செய்வார்கள். வரி தாண்டி வாசிக்க அவருக்கு அனுமதி இல்லை.

பால்சர்க்கரையை உடைக்கப் பாக்குவெட்டி மாதிரி ஒரு கருவி வேண்டும். அதன் செய்முறையின் முதல் வரிமேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். வீணாகக் கருவி செய்துவிடக் கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பால்சர்க்கரை வந்தால் என் நாக்கில் வைப்பார்கள். இனித்ததும் முழங்கால் தானாக நிமிரும். என் இஷ்டத்துக்கு எழ முடியாது.

நான் சேர்ந்த நாளிலிருந்து குளுக்கோஸ்தான் வந்தது. அதை உடைக்க வேண்டாம். இன்று காலை அது தீர்ந்தது. வாசலில் பால்சர்க்கரை மலையாகக் கிடக்கிறது. யாராலும் தின்ன முடியவில்லை.

பசியில் தபால் பிரிவு மெலிந்து தாளாகிவிட்டது. ப்யூன் சேர்மக்கனி அவர்களைப் பொறுக்கி அடுக்கி, மேலே பேப்பர்வெயிட் வைத்தார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் அலுவலகம் இன்று பிரியவில்லை.

"என்ன தம்பி, ஆணி அடிச்சா வச்சிருக்கு?" சேர்மக்கனி என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். தரையும் கூடவே எழுந்தது. கீழே வைத்துவிட்டார்.

"கட்டி பழசோ?" மேடம் ஒன்றை நக்கினார். "நல்லாத்தானே இனிக்குது."

எட்டாவதை வைத்தார். அவருடைய விரல் என் உதட்டில் சரசரத்தது. தாளாகியிருந்தது.

"நாங்க யாராவது மனசு நோகப் பேசிட்டமா, குற்றாலிங்கம்?"

இதற்கு அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.

சேர்மக்கனி என் கோப்பைக் கொண்டுவந்தார். வேலைக்குச் சேரும்போது நான் நிரப்பிய படிவம். ஒரே கேள்விதான். உரக்க வாசித்தார்.

"நாக்கில் இனிப்பு உணர்வீரா? உணர்வேன். கையெழுத்தும் போட்டிருக்கீரு."

"அதெல்லாம் எதுக்குண்ணே?" என்றார் மேடம். "போன மாசம் என் அதிரசத்தை என்னா இனிப்புன்னு சொல்லி ரெண்டு வாங்கித் தின்னவராச்சே."

அவர் இடுப்போடு மடங்கத் தொடங்கினார். சேர்மக்கனி பேப்பர்வெயிட்டைக் கையில் எடுத்தார்.

"மேடம்" என்றேன். "அன்னைக்கு நீங்க என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்க. அதான் அப்படிச் சொன்னேன்."

"அப்படின்னா?"

"எனக்குப் பிறவியிலேயே இனிப்பு தெரியாது."