நந்தாங்கின் ஒற்றைப் பெட்டி

குமிலாரின் மேஜையில் மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அடியில் இருப்பது கரண்டைச் சுத்தப்படுத்த. நடுவில் இருப்பது கம்ப்யூட்டரில் உள்ள பாட்டை ஒலியாக மாற்றும் கன்வர்ட்டர். மேலே இருப்பது அந்த ஒலிக்கு வலுவேற்றி ஹெட்போனுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர். பின்பக்கம் கைப் பருமனுக்கு ஒயர்கள். இத்தனை ஏற்பாடும் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல், பாட்டுக் கேட்பதற்கு.

பாண்டுங் நகரத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு கூட்டமே உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடை மாடியில் கூடுவார்கள், மற்ற நாட்களில் போனில் குழு வைத்து அடித்துக்கொள்வார்கள். அந்தக் குழுவில் குமிலார்தான் காது. அண்ணன் என்கிற மரியாதையில் சின்னவர் பெரியவர் எல்லோருமே அவரைக் 'காங்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் நல்லதென்று சொன்னால் வாங்கினார்கள், மட்டமென்று சொன்னால் விற்றார்கள். "எல்லாத்தையும் ஒரே பெட்டியில் அடைக்கிறவன் பாட்டுக் கேட்கிறவன் இல்லை, இடம் மிச்சம் பிடிக்கிறவன்" என்று அவர் ஒருமுறை எழுதியதைப் பலர் வேதம்போல் ஒப்பிப்பார்கள்.

அவருடைய மனைவி இமாஸ் அந்த வேதத்தைப் படித்ததில்லை. அவள் ஆன்லைனில் முக்காடு விற்றாள். பொட்டலம் கட்ட அவளுக்கு மேஜை வேண்டியிருந்தது.

"மூணு பேரும் சேந்து பண்ற வேலைய ஒருத்தன் பண்ண மாட்டானா?" என்றாள். "நம்ம ரைஸ் குக்கர் சோறும் ஆக்குது, ஆக்குனத சூடாவும் வச்சுக்குது. அதுக்கு யாராவது மேல ஒரு பெட்டி, கீழ ஒரு பெட்டி வைக்கிறாங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுதான். எனக்கு மேஜைதான் புரியும்."

அந்தச் சமயம் பார்த்துத்தான் நந்தாங் வந்தான். ஜவுளி மில்லில் எலக்ட்ரிகல் வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கரண்டைச் சுத்தப்படுத்துவது, கன்வர்ட்டர், ஆம்ப்ளிஃபையர் மூன்றும் ஒன்றாக அடங்கிய ஒரு பெட்டியை இரண்டு வருடமாக உருவாக்கியிருந்தான். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். குழுவில் சிலர் ஆர்டரும் கொடுத்திருந்தார்கள், ஆனால் காங் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம் என்று.

"கொஞ்ச நாள் வச்சுக் கேளுங்க காங்," என்றான். "நல்லா இருந்தா உங்க மூணையும் எடுத்துட்டு இத வைங்க. இல்லேன்னா இல்லேன்னே எழுதுங்க. உங்க காத நம்பித்தான் மில்ல விட்டேன்."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அதைக் கேட்டதும் குமிலாருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. விரிந்த நெஞ்சோடு ஒரு காரியத்தில் இறங்கினால் கை எங்கே போகிறதென்று தெரியாது.

நியாயமாகத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு சுவிட்சுப் பெட்டியைத் தன் கையாலேயே செய்தார். குமிழை இடப்பக்கம் திருப்பினால் பழைய மூன்று, வலப்பக்கம் திருப்பினால் நந்தாங்கின் பெட்டி. இரண்டிலும் சத்தத்தை முன்பே அளந்து சமமாக வைத்து, யாரும் தொடாதபடி டேப் ஒட்டினார். பிறகு இடமும் வலமும் மாற்றி மாற்றி நாள் கணக்கில் கேட்டார். உண்மையைச் சொன்னால், பழையதே ஜெயிக்க வேண்டும் என்று அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். ஜெயித்தது. இடப்பக்கம் பாடுகிறவள் எதிரில் உட்கார்ந்து பாடினாள். வலப்பக்கம் அவளே மங்கலாகிப் போனாள்.

குழுவில் நீளமாக எழுதினார். நந்தாங்கின் உழைப்பைப் பாராட்டிவிட்டு, "ஆனால் பாடுகிறவள் முகத்தில் யாரோ ஈரத் துணியைப் போட்டது போலிருக்கிறது" என்று முடித்தார். அந்த வரியை எழுதியபோது அவருக்கே தன்மேல் ஒரு மயக்கம் வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். குழு ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டது. "நந்தாங், பாண்டுங் மழையில துணி காயாது, உள்ள எடுத்து வை" என்று ஒருவன். "எனக்கு ஒரு துண்டு பார்சல்" என்று இன்னொருவன். ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நந்தாங் மட்டும், "புரிஞ்சது காங். நன்றி. சரி பண்றேன்" என்று எழுதினான்.

மறுநாள் நந்தாங்கின் பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்தார். வெற்றிபெற்ற மூன்றையும் ஆற அமரக் கேட்கலாம் என்று உட்கார்ந்து, குமிழை இடப்பக்கம் வைத்தார். சத்தமே இல்லை. ஒயரை அழுத்திப் பார்த்தார். இல்லை. சும்மா வலப்பக்கம் திருப்பினார். பாட்டு வந்தது. மங்கலான பாட்டு.

வலப்பக்கம் பாட வேண்டிய பெட்டியோ துண்டுக்குள் இருந்தது. பிறகு சுவிட்சுப் பெட்டியின் மூடியைத் திறந்தார். பின்பக்கமிருந்து பார்த்து ஒயர்களைப் பற்றவைத்திருந்தார், முன்பக்கத்து இடது பின்பக்கத்தில் வலதாகும் என்பதை மறந்து. கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொள்கிற பையன் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. எதிரில் உட்கார்ந்து பாடினவள் நந்தாங்கின் பெட்டிக்குள் இருந்துதான் பாடியிருக்கிறாள். ஈரத் துணி அவருடைய மூன்று பெட்டிகளின் சொத்து.

வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது. போனை எடுத்து, "ஒரு தவறு நடந்துவிட்டது" என்று எழுதி, அழித்தார். மறுபடி எழுதி, மறுபடி அழித்தார். காது சரியாகத்தானே சொன்னது, கைதானே தப்புச் செய்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆனால் அதை எழுதினால், அவர் பேச்சைக் கேட்டு ஊரில் எத்தனை பேர் மூன்று மூன்றாக வாங்கி அடுக்கியிருக்கிறார்களோ அத்தனை பேரும் சிரிப்பார்கள். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நந்தாங் வரவில்லை. அவன் வராதது தெரிந்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பிறகு அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சோறு இறங்காமல் பிசைந்துகொண்டிருந்தவரை இமாஸ்தான் குடைந்து குடைந்து கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"கைதான தப்பு பண்ணுச்சு, வாய் நல்லாத்தான இருக்கு," என்றாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க."

போகாமலிருக்க வழியில்லாதபடி நந்தாங்கே போன் செய்தான். "எல்லாம் முடிஞ்சுருச்சு காங். வந்து ஒரு தடவ கேளுங்க."

குமிலார் துண்டில் சுற்றிய பெட்டியையும் ஒரு பொட்டலம் பீசாங் மோலென் வாழைப்பழப் பலகாரத்தையும் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போனார். நந்தாங்கின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது, உள்ளே மஞ்சள் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. அவன் மனைவி எலிஸ் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து சோறு விக்கிற?" என்று கேட்டுவிட்டார்.

"உங்க எழுத்து வந்ததுல இருந்து," என்றாள் எலிஸ். வாழைப்பழப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முன்னறையில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. நந்தாங் இளைத்திருந்தான், ஆனால் முகம் பளிச்சென்று இருந்தது. "ஒண்ணொண்ணாத் தெறந்து கெபாசிட்டர மாத்திட்டேன் காங். துணி போயிருச்சு. கேளுங்க."

குமிலார் ஹெட்போனை மாட்டினார். அந்தப் பாடகி இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பாடினாள். ஒவ்வொரு 'ஸ'வும் காதில் ஊசியாகக் குத்தியது. இந்த மனிதன் இரண்டு வருடம் பாடுபட்டு அமைத்ததை, குமிலாரின் ஒரு வரிக்காக, தன் கையாலேயே கெடுத்துவைத்திருக்கிறான். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி எதிரில் நிற்கிறான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, குமிலார் எல்லாவற்றையும் சொன்னார். சுவிட்சைச் சொன்னார், இடம் வலத்தைச் சொன்னார், எழுதி அழித்ததையும் சொன்னார்.

நந்தாங் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இமாஸ் அக்கா எலிஸ்கிட்ட பேசுனாங்களா? நாங்க கஷ்டப்படுறோம்னு உங்ககிட்ட சொன்னாங்களா? எனக்காகப் பொய் சொல்லாதீங்க காங்."

"பொய் இல்லடா. துணியே இல்ல. அது என்னோட பெட்டி."

"எனக்குக் கேட்டுச்சே. நீங்க எழுதுன அன்னைக்கே மாட்டிக் கேட்டேன். நீங்க சொன்ன அதே இடத்துல. இத்தன நாளா இது எப்படிக் காதுல விழாமப் போச்சுன்னு வெக்கமாப் போச்சு."

குமிலார் அவசர அவசரமாகத் துண்டைப் பிரித்து, மாற்றப்படாமல் மிஞ்சியிருந்த அந்த ஒரே பெட்டியை எடுத்து மாட்டினார். "இதக் கேளு. இது நீ பண்ணுனது. தொடாதது."

நந்தாங் கண்ணை மூடிக் கேட்டான். மாற்றியதைக் கேட்டான், மறுபடி இதைக் கேட்டான். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினான். "இருக்கு காங். துணி இருக்கு."

குமிலார் ஹெட்போனைத் திரும்ப வாங்கி வைத்தார். ஆர்டர் போனது போகட்டும், அது திரும்பவும் வரும். அவன் காதையே எடுத்துக்கொண்டு போய்விட்டார் இவர்.

கதவோரம் நின்றிருந்த எலிஸ் முன்னால் வந்தாள். "நீங்க சொல்றது நெசம்னு எனக்குத் தெரியுது. பொய் சொல்றவங்க மூஞ்சி இப்படி இருக்காது," என்றாள். "ஆனா எழுதுனது ஊருக்கு முன்னாடி. சொல்றது எங்க வீட்டுக்குள்ளயா?"

குமிலார் தலை நிமிராமல் போனை எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்க எழுதினார். சுவிட்சை மாற்றிப் பற்றவைத்தது நான், ஈரத் துணி என்னுடைய மூன்று பெட்டிகளில்தான், நந்தாங்கின் பெட்டி அவற்றைவிட நல்லது, அதைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். இந்தத் தடவை அழிக்கவில்லை. அனுப்பினார். இனி சிரிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று காத்திருந்தார்.

போன் அதிர்ந்தது. எலிஸே வாங்கிப் படித்தாள். "'நண்பனுக்காகத் தன் பேரையே கெடுத்துக்கிறார் பாருங்க. காங் மனசு யாருக்கு வரும்?'" அடுத்தது. "'கண்ணு கலங்கிருச்சு காங்.'" அடுத்தது. "'நந்தாங், இவர் கால்ல விழு.'" அவள் போனை அவர் கையில் திருப்பி வைத்தாள். "ஆர்டர் தர்றேன்னு ஒருத்தரும் எழுதல," என்றாள்.

நந்தாங்குக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "எனக்காக இவ்வளவு பண்ணிருக்கீங்க," என்று திருப்புளியை எடுத்தான். "இந்த ஒண்ணையும் சரி பண்ணித் தர்றேன். உங்க மேஜையில இருக்கட்டும். காசு வேண்டாம்."

குமிலார் பாய்ந்து பெட்டியின்மேல் கையை வைத்து அமுக்கினார். "வேண்டாம்டா. இத மட்டும் தொடாத. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"கெட்டத உங்களுக்குக் குடுப்பேனா காங்?" என்றான் நந்தாங். பெரியவர் கை என்பதால் முரட்டுத்தனம் காட்டாமல், விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக எடுத்துவிட்டு, முதல் திருகைக் கழற்றினான்.