தார்ப்பாய்க்குள் வெந்த ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரருக்கு மழை என்றால்தான் பயம், வெயிலை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார். மொட்டைமாடியில் நான் நடத்தும் உடற்பயிற்சி வகுப்புக்கு வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்களையும், ஒரு சொட்டு நனைந்துவிடக் கூடாதென்று கறுப்புத் தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றிக் கயிறு கட்டி வைப்பார். கோடை முழுக்க இதே சேவைதான். "பச்சப்புள்ள மாதிரி தூங்குது பாரு" என்று பெருமை வேறு.

கொஞ்ச நாளாகப் பாட்டில் தாளம் விழும்போதெல்லாம் ஸ்பீக்கர் 'கொர்ர்' என்றது. தாளம் எடுபடவில்லையே என்று நான் சத்தத்தைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட கொர்ரும் கூடியது. நேர் கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலம் நானே வந்து உக்காந்து கேப்பேன். இதே இரைச்சல்னா வகுப்ப மூடிர வேண்டியதுதான்" என்றார் செயலாளர்.

அந்த வகுப்புதான் என் பிழைப்பு. அதைவிட, நாள் முழுக்க அந்த ஒரு மணி நேரம்தான் நான் யாருக்கும் மனைவியும் இல்லை, மருமகளும் இல்லை.

வேறு வழியில்லாமல் அண்ணியைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரரின் அக்கா. ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் உடனே வந்தார். தார்ப்பாயை அவிழ்த்ததும் உள்ளேயிருந்து குப்பென்று அனல் அடித்தது. முன்பக்க வலையைக் கழற்றி, காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையத்தை விரலால் தொட்டார். காய்ந்த ரஸ்க் போல உதிர்ந்தது.

"இதுதான் கூம்ப ஆடாம நடுவுல பிடிச்சு வச்சிருக்கும். வெயில்ல வெந்து வெந்து செத்துப்போச்சு. பசையும் விட்டுருச்சு. யாரு இத இப்படிப் பொட்டலம் கட்டுனது?"

"மழைக்குத்தான்..." என்று இழுத்தார் வீட்டுக்காரர்.

"மழை பேஞ்சுச்சா?"

"இல்லக்கா."

"சட்டியில போட்டு மூடி வேக வச்சிருக்கடா தம்பி. சும்மா படிக்கட்டு நிழல்ல வச்சிருந்தாலே போதும். சரி, பிஞ்சது தெரியாம சத்தத்தக் கூட்டி மிச்சத்தையும் கிழிச்சது யாரு?"

நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்றுகூட இல்லை.

புது வளையம் ஒட்டினால் காய மறுநாள் ஆகிவிடுமாம். கடையில் இருந்த ஸ்பீக்கர்கள் எல்லாம் வாடகைக்குப் போயிருந்தன.

"உனக்குத்தான் தொண்ட இருக்கே. என்கிட்ட மட்டும் நல்லா வருமே" என்றார் அண்ணி. நாக்கு நுனிவரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன். காரியம் ஆக வேண்டுமே.

சாயங்காலம் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டே இல்லாமல், பூனைக்குப் பயந்த எலி போல முணுமுணுவென்று எண்ணி வகுப்பு எடுத்தேன். ஐந்து எண்ணும்போது மாடிக் கதவு தடாலென்று திறந்தது. ரயில் டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"வாங்க சார், இன்னிக்கு இரைச்சலே இல்ல" என்று எழுந்தார் செயலாளர்.

"அதுக்குத்தான் ஓடி வந்தேன். ஒண்ணுமே கேக்கல" என்றவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், என் வீட்டுக்காரிக்கு முட்டியில ஆபரேஷன். டாக்டர் சொன்னாலும் கால அசைக்க மாட்டா. உங்க பாட்டு வந்தா மட்டும், படுத்தபடியே தாளத்துக்கு மடக்கி நீட்டுவா. கொஞ்ச நாளா அந்தக் கொர்ருல தாளம் தப்பிப் பாதியில விட்டுடுறா. அதச் சரி பண்ணச் சொல்லுங்கன்னுதான் இவர்கிட்ட சொன்னேன். நிறுத்தச் சொன்னேனா?"

செயலாளர் நாற்காலியை மடக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் இந்த மனிதரை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்.

"அவ கால மடக்கி வச்சுட்டுக் காத்திருக்கா. எதுல விட்டீங்க?"

"அஞ்சுல."

கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போனேன். கீழே அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. குனிந்து, அண்ணி மெச்சிய தொண்டையை முழுசாகத் திறந்து, "ஆறு" என்றேன்.

கீழேயிருந்து ஒரு பெண்குரல், "ஏழு" என்றது.