வால் எலும்புக்கு வெயில் காட்டிய கதை

1

இந்தக் கதை ஒரு பிட்டத்தில் பிறந்தது. மரியாதையான இடத்தில் பிறக்கும் கதைகளை மரியாதையானவர்கள் எழுதட்டும். வயது போன பிறகு இரவு வகுப்பில் எழுத்துப் படித்தவள் நான். கைக்குப் பேனா வந்த நேரத்தில் உட்காரும் இடத்துக்கு வலி வந்தது. அதனால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் ஜன்னல் கட்டையில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். கால் கடுக்கிற இடத்தில் பத்தி முடியும்.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

"நடுவட்டம் மலையில் சூரியன் உதித்து..." (அடித்துவிட்டேன். ஆடி மாதத்தில் நடுவட்டத்தில் சூரியனைக் கண்டவர் யார்?)

"அழகி சின்னம்மையின் பின்புறத்தில்..." (படித்துக் காட்டினேன். சின்னம்மையே சிரித்துவிட்டாள். "ஏன்க்கா, கதை எழுத என் குண்டிதானா கெடைச்சுச்சு ஒங்களுக்கு?")

சின்னம்மை எனக்கு அடுத்த அறை. இலங்கையில் கண்டித் தோட்டத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தோம். இங்கே பேக்டரியில் ஒரே சிமெண்டுத் தரையில் குந்தி, தேயிலைத் தூளில் கிடக்கும் குச்சியைப் பொறுக்குகிறோம். மழையில் நனையாத வேலை என்று கொழுந்து பறிக்கிறவர்களுக்கு எங்கள்மேல் பொறாமை. பனிக்குள் போவோம், இருட்டில் திரும்புவோம்.

சின்னம்மைக்கு வால் எலும்பில் வலி கண்டது. குந்தினால் கத்தி சொருகியதுபோல இருக்க, எழுந்து எழுந்து நின்றாள். சூப்பர்வைசர் தங்கையா பார்த்துவிட்டார்.

"ஏம்மா, கூடை தூக்க முடியலேன்னு காட்டுலருந்து இங்க வந்தே. இப்ப குந்தவும் முடியலையா? இந்த மாசம் பாப்பேன். ஒண்ணாந்தேதிலருந்து டீ நேரம் தவிர எந்திரிச்சே, பேரை வெட்டிருவேன்."

(பேர் போனால் வேலை போகும். வேலை போனால் லயத்து அறை போகும். சின்னம்மைக்குப் புருஷனும் இல்லை, போக வேறு ஊரும் இல்லை. நாங்கள் வந்த கப்பலில் திரும்பிப் போக டிக்கெட் கிடையாது.)

3

கூடலூர் டாக்டரிடம் போனோம். அவர் மலையாளம் கலந்து பேசுவார்.

"வைட்டமின் டி குறைஞ்சிருக்கும். அதில்லாம எலும்புக்குப் பெலமில்ல. வெயில் கொள்ளணும், கேட்டோ?"

"எம்புட்டுக் கொறைஞ்சிருக்குங்க?" என்றாள் சின்னம்மை.

"அளக்கறதுக்கு இவிட வசதியில்ல. வெயிலுக்கு ஃபீஸும் இல்ல."

(வைட்டமின் குறைந்து வலிக்கிறதா, சிமெண்டுத் தரையால் வலிக்கிறதா, இரண்டும் கூட்டுச் சேர்ந்தா? டாக்டருக்கே முழு நிச்சயமில்லை. நான் வைட்டமினையே வைத்துக்கொண்டேன். தரையைக் குறை சொன்னால் தங்கையாவுக்குக் கோபம் வரும். வைட்டமினுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை.)

எங்களுக்குத் தெரிந்த மருந்தெல்லாம் வலிக்கிற இடத்தில் பூசுகிற மருந்து. வெயிலையும் அங்கேதான் பூச வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பனி கொஞ்சம் விலகியது. லயத்துக்குப் பின்னால் பாறையில் சின்னம்மை குப்புறப் படுத்துச் சேலையை இறக்கினாள். லயத்துப் பக்கம் குடையை விரித்து நான் காவல் நின்றேன். மேலே ரோட்டு வளைவு இருப்பதை இரண்டு பேரும் மறந்துபோனோம். கூடலூர் பஸ் வந்தது. நின்றது. ஹாரன் அடித்தது.

"எந்திரிடி! பஸ்ஸுடி!"

"அடிக்கட்டும்க்கா. மூஞ்சியா தெரியுது? யாருன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க?"

[இந்த இடத்தில் சின்னம்மை வெட்கப்பட்டாள் என்று எழுதியிருந்தேன். அவள் படவில்லை.]

விஷயத்தைக் கேட்டு டாக்டர் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். "கையும் காலும் மூஞ்சியும் காட்டினா மதி, அது போதும்! பின்னே, ஒரு நாள்ல மாறாது. மாசக்கணக்காகும்."

தங்கையா கொடுத்திருந்தது ஒரே மாதம். அதிலும் பாதி ஆடி.

4

நாளைக்கு ஒன்றாம் தேதி. மூன்று முடிவு எழுதி இன்று காலை சின்னம்மைக்குப் படித்தேன்.

முதலாவதில் வெயில் அடித்து வலி பறந்துவிடுகிறது.

"பொய்யி," என்றாள்.

இரண்டாவதில் தங்கையா பேக்டரிப் படியில் வழுக்கி, உட்காரும் இடம் அடிபட விழுகிறார்.

"இன்னொரு தரம் படிங்கக்கா."

படித்தேன். மறுபடியும் கேட்டாள். "விழுறப்ப என்னா சத்தம் வந்துச்சுன்னும் எழுதுங்க."

மூன்றாவதில் சின்னம்மை வலி பொறுக்காமல் எழுந்து நிற்கிறாள். பேரை வெட்டத் தங்கையா வருகிறார். அப்போது பக்கத்தில் குந்தியிருக்கும் வீரம்மாவும் எழு...

சின்னம்மை சிரிக்கவில்லை. "எழு... அப்புறம்?"

"அம்புட்டுத்தான் எழுதியிருக்கேன்."

"ஒங்களுக்கும் வலிக்குதுதானே? ஒரு பக்கமா சாஞ்சுதானே குந்துறீங்க? ராமாத்தாளும் அப்பிடித்தான். அந்தத் தரையில நேராக் குந்தியிருக்கவ யாரு, சொல்லுங்க பாப்பம்."

வீரம்மா நான்தான். பேனாவுக்கு மூடியைத் தேடினேன்.

5

இதோ, ஜன்னல் கட்டையில் வெளிச்சம் விழுகிறது. வெளியே சின்னம்மை கத்துகிறாள்: "அக்கா, வெயிலு! பேனாவைப் போட்டுட்டு ஓடியாங்க! மூஞ்சி காட்டுனா போதுமாம்!"

போக வேண்டும். இந்த ஊரில் வெயில் காத்திருக்காது.

தங்கையா ஒரு பேரை வெட்டலாம், இரண்டை வெட்டலாம். தரை முழுக்க வெட்டினால் குச்சியை யார் பொறுக்குவது, அவரா? இங்கே நின்று யோசிக்கையில் இப்படியெல்லாம் தோன்றுகிறது. ஆனாலும் அந்த "எழு"வுக்கு மேலே பேனா நகரவில்லை. நீங்கள் உட்கார்ந்து படிக்கிறவர்கள், வலியும் இருக்காது. அந்த வரியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

கதை முழுவதையும் நின்றுகொண்டேதான் எழுதினேன். ஆனால் இந்த ஜன்னலுக்குத் தங்கையா வருவதில்லை.