ஆமென் கிடைக்காத ஜெபம்

மனச்சாட்சிச் சுதந்திரம் என்றால் ஞானாபரணத்துக்கு உயிர். அதிலும் அடுத்தவர்களின் மனச்சாட்சியைப் பற்றிப் பேசச் சொன்னால் சாப்பாடு கூட வேண்டாம்.

ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைச் சரிவின் நடுவில், தகரக் கூரை போட்ட சின்ன தேவாலயம் அது. பாஸ்டர் அடிவாரத்தில் இருக்கும் தாப்பாவிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், ஜெபம், காணிக்கை, ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பது எல்லாமே சபை மூப்பர் ஞானாபரணத்தின் பொறுப்பு. வார நாட்களில் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையை வாட்டும் மாடிக்கு சூப்பர்வைசர். ஆறு நாள் இலையை வாட்டுகிறேன், ஏழாம் நாள் ஆட்களை வாட்டுகிறேன் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். அப்படிக் கிண்டல் செய்துகொள்வதால் தனக்குத் தலைக்கனம் கிடையாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தேர்தல் வந்தால் அவரிடம் ஒரு பிரசங்கம் தயாராக இருக்கும். "அரசாங்கம் வரி கேட்டா கட்டு. ஐ.சி. அட்டை கேட்டா எடுத்துக் காட்டு. அதிகாரிக்கு மரியாதை கொடு. ஆனா மனச்சாட்சி ஆண்டவரோட அறை. மந்திரியே வந்தாலும் சப்பாத்தக் கழட்டிட்டு வெளியிலதான் நிக்கணும். பாஸ்டர் வந்தாலும் அப்படித்தான். மேடையில நின்னுக்கிட்டு இவனுக்குப் போடு, அவனுக்குப் போடுன்னு சொல்ற மூப்பரை நம்பாதீங்க." சபை ஒரே குரலில் ஆமென் சொல்லும். முன்வரிசையில் செல்லம் கிழவியின் ஆமென் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். மோட்டார் சாவி ஒன்று கிடைத்திருக்கிறது என்று அறிவித்தால் கூட ஆமென் சொல்லுகிற மனுஷி அவள்.

இந்த முறை அந்தப் பிரசங்கத்துக்கு வேலை வரவில்லை. வேட்பாளர் சாம்பசிவம் முந்திக்கொண்டார். ஒரு மாலை ஷிஃப்டு முடிகிற நேரத்தில் தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தி, நெற்றி நிறைய திருநீறோடு இறங்கி, ஞானாபரணத்தின் தோளில் கை போட்டார்.

"மூப்பரே, இந்த வட்டாரத்துல நம்ம இந்தியர்களுக்கு ஒரு சமூகத் தலைவர் வேணும். நான் ஜெயிச்சா அந்த போஸ்ட்டு உங்களுக்குத்தான்லா. அடுத்த வார ஞாயித்துக்கிழமை உங்க கோயிலுக்கு வரேன். பெருசா ஒன்னும் வேணாம். சபை மொத்தமும் எங்க பக்கம்னு ஜெபத்துல ஒரு வார்த்தை போட்டுருங்க. வெளிய இருக்கிற மத்த தோட்டத்துக்கும் அது போய்ச் சேரும்."

பார்க்கலாம் என்று சொல்லத்தான் ஞானாபரணம் வாயைத் திறந்தார். வாய் சரி என்று சொல்லிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போதே நியாயங்கள் வரிசையாக வந்து நின்றன. கூரை ஒழுகுகிறது. கூரையைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டுமானால் பேசுகிறவனுக்கு ஒரு பதவி வேண்டும். வேதாகமத்தில் தானியேலுக்கு அரண்மனையில் பதவி இல்லையா, யோசேப்புக்கு இல்லையா. எல்லாம் சபைக்காகத்தான். அந்த வாரக் கடைசியில் பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய், அதிகாரிகள் போடுவது போல மயில் நீலத்தில் பூ அச்சடித்த ஒரு பாத்தேக் சட்டை வாங்கியதும் சபைக்காகத்தான்.

பிறகு தோட்டத்துத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போனார். இந்தத் தடவை எல்லாரும் ஒரே பக்கம் நிற்பது நல்லது என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்து, "பார்ப்போம்லா மூப்பரே" என்று சொல்லி அனுப்பினார்கள். தன் வீட்டுக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தால் ஞானாபரணமும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் கதவைச் சாத்துவார். இருந்தாலும் தனக்குச் சொல்லப்படும்போது அது சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார். ஆசை வந்தவனுக்குக் காது மட்டும் எப்படி ஒழுங்காகக் கேட்கும்.

வீட்டில்தான் சிக்கல். மனைவி தவமலர் கொழுந்து எடுக்கிறவள், அதிகம் பேசாதவள். ஆனால் அந்த வீட்டில் ராச்சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு, அதற்கு ஒரு சட்டமும் உண்டு. ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. கல்யாணம் ஆன புதிதில் சட்டம் போட்டவர் ஞானாபரணம். அதனால் அதிகம் பயன் அடைந்தவள் தவமலர்.

"ஆண்டவரே," என்று அன்றைக்குத் தொடங்கினாள். "என் வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்த நீலச் சட்டையை நீர் பார்த்தீர். அவர் வீடு வீடாய்ப் போனதையும் பார்த்தீர். ஊருக்கெல்லாம் சுதந்திரம் உண்டுன்னு சொன்னவர், எனக்கு மட்டும் யாருக்குப் போடணும்னு சமையக்கட்டுல வந்து சொன்னதையும் கேட்டீர். அவரை மன்னியும். அவர் நல்லவர்தான், பாராட்டினா மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்."

ஞானாபரணத்துக்கு மூடிய கண்ணுக்குள்ளேயே கோபம் வந்தது. தன் முறை வந்ததும், "கர்த்தாவே, குடும்பத் தலைவனுக்கு அடங்கி நடக்கிற மனசை இந்த வீட்டில் உள்ளவர்களுக்குத் தாரும்" என்று அழுத்தம் திருத்தமாக ஜெபித்து முடித்தார். ஆமென் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். தவமலர் கண்ணை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாளெல்லாம் சரிவில் நின்ற களைப்பு, தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு சோற்றில் கை வைத்தார்.

ஞாயிறு காலை தேவாலயம் நிறைந்திருந்தது. சாம்பசிவம் முன்வரிசையில் செல்லத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். எப்போது எழ வேண்டும், எப்போது ஆமென் சொல்ல வேண்டும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருந்தார் போலும், எல்லாவற்றையும் அரை நொடி முன்னாலேயே செய்தார். ஞானாபரணம் பாத்தேக் சட்டையில் எழுந்து நின்றார். சட்டை கழுத்தில் அரித்தது. கண்ணை மூடினார்.

நாட்டுக்காகவும் பேரரசருக்காகவும் ஜெபித்தார். ஆமென் என்றது சபை. மழைக்காக, கொழுந்துக்காக ஜெபித்தார். ஆமென். குரலை உயர்த்தினார்.

"எங்கள் நடுவே வந்திருக்கும் இந்தச் சகோதரனை, நாங்கள் ஒருமனதாய்த் தெரிந்தெடுத்த உம்முடைய ஊழியனை, நீர் வெற்றிபெறச் செய்யும்."

"ஆமென்" என்றார் சாம்பசிவம்.

வேறு யாரும் சொல்லவில்லை.

கேட்கவில்லையோ என்று ஞானாபரணம் திரும்பவும் சொன்னார். திரும்பவும் சாம்பசிவத்தின் ஆமென் மட்டும் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. ஆமென் வராமல் ஜெபத்தை முடிக்க முடியாது. முடிக்காமல் கண்ணைத் திறக்கவும் முடியாது. கிணற்றில் விழுந்தவர் போல எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். நோயாளிகளுக்காக ஜெபித்தார். ஆமென் வந்தது. செல்லத்தின் முட்டிவலிக்காக ஜெபித்தார். அதற்கு ஆமென் இரண்டு தடவை வந்தது. அந்தச் சூட்டோடு சூடாக, "அப்படியே இந்தச் சகோதரனையும்" என்று நைசாக நுழைத்துப் பார்த்தார். செல்லம் கூட வாயைத் திறக்கவில்லை. சாவிக்கு ஆமென் சொன்னவள்.

வியர்வை பாத்தேக்குக்குள் இறங்கியது. இத்தனை வருஷமாக இந்த ஜனங்கள் தன் பிரசங்கத்தைக் கேட்பதில்லை, தூங்குகிறார்கள் என்று பாஸ்டரிடம் புகார் சொல்லி வந்தவர் அவர். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்கள். நம்பியும் இருக்கிறார்கள். நம்பாதீங்க என்று அவர் சொன்ன அந்த மூப்பர் இப்போது நீலச் சட்டையில் வந்து நிற்கிறார், அவர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், ஆச்சரியமாக, சிரிப்பும் வந்தது.

அடுத்து வந்த வார்த்தைகள் ஜெபத் தமிழில் வரவில்லை. வீட்டில் பேசுகிற தமிழில் வந்தன.

"ஆண்டவரே, இவங்க யாருக்கு ஓட்டுப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. என் பொஞ்சாதி யாருக்குப் போடுவான்னும் தெரியாது. தெரிஞ்சுக்க எனக்கு உரிமையும் இல்ல. எல்லாரும் ஒரே பக்கம்னு நான் சொன்னது பொய். ஒரு பதவிக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன். சகோதரன் சாம்பசிவம் ஜெயிச்சாலும் தோத்தாலும் அவரு நல்லா இருக்கட்டும். எனக்குப் புத்தியக் கொடும்."

கூரைத் தகரம் அதிர்ந்தது போல ஆமென் வந்தது. அதில் சாம்பசிவத்தின் குரலும் இருந்தது. பழக்கதோஷத்தில் அவர்தான் முதலில் சொல்லிவிட்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சாம்பசிவம் காரில் ஏறாமல் காத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. தேர்தலுக்கு நிற்கிறவர்களுக்கு வாக்குப்பெட்டி திறக்கும் வரை கோபப்பட நேரம் இருக்காது.

"சபையை விடுங்க மூப்பரே," என்றார். "உங்க ஒரு ஓட்டாவது எனக்குத்தானே?"

ஞானாபரணம் பழக்கத்தில் சரி என்று சொல்லப்போனார். நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு ஓட்டை யாருக்குப் போடுவது என்று இதுவரை தான் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தனை வீட்டுப் படியும் ஏறி இறங்கியவர், தன் மனச்சாட்சியின் அறைக்குள் ஒரு தடவை கூட எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த தவமலரைத் திரும்பிப் பார்த்தார்.

தவமலர் அங்கே இல்லை. அவர் சொல்லப்போகும் பதில் தன் காதில் விழக் கூடாது என்று, குடையை விரித்துக்கொண்டு தனியாக முன்னே நடந்துவிட்டிருந்தாள்.